இளைத்தேன், தோல் இளைக்கவில்லை

நம் சங்க இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ரயில்வே அனுபவக் கட்டுரை. 38 வருஷம் கேரேஜ் அண்ட் வேகன் பகுதியில் பெட்டிகளின் வயிற்றுக்குக் கீழே படுத்துப் புரண்டவனிடம் வேறு எதைக் கேட்பார்? "அதை அடுத்த இதழுக்குத் தருகிறேன். இந்தத் தடவை என் வயிற்றைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "எழுதுங்க ஸார்" என்றார்.

நாக்பூர் வாசகர்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பொங்கல் விழாப் பந்தியில் இரண்டு பேர் உட்காரும் இடத்தை ஒருவனாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அவன்தான். 2018-இல் அஜ்னியில் பணி ஓய்வு பெற்றபோது நண்பர்கள் போட்ட மாலை கழுத்தில் இறங்கி மார்போடு நின்றுவிட்டது. அப்போது எடை 121 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இரவில் அக்கம்பக்கம் எழுந்து உட்காரும் அளவுக்குக் குறட்டை. குறட்டை என்று நாம் சிரித்துவிடுகிறோம். எனக்கு இருந்தது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி.

2020 பிப்ரவரியில், ஊரடங்குக்குச் சில வாரம் முன்னால், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் பருமனுக்குக் குழாய் போல ஆக்கிவிடுகிறார்கள். அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. அரை இட்லியோடு எழுந்துவிடும் மனிதனாக ஆனேன். ஊரடங்கில் விருந்து இல்லை, கல்யாணம் இல்லை, பந்தி இல்லை. அதுவும் சேர்ந்து உதவியது. 2021 ஆகஸ்டில் தராசு 78 காட்டியது. 43 கிலோ போயிற்று. இன்சுலின் நின்றது. குறட்டை நின்றது. அம்பாஸரி ஏரிக்கரையில் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு மூச்சு வாங்காமல் திரும்பினேன்.

இதுவரை எல்லாம் சுபம். டாக்டரும் இதுவரைதான் சொல்லியிருந்தார். அல்லது சொன்னது என் காதில் ஏறவில்லையோ என்னவோ. எடை போனால் அது இருந்த இடம் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

சாக்கில் இருந்த அரிசியைக் கொட்டிவிட்டால் சாக்கு என்ன ஆகும்? என் அடிவயிற்றுத் தோல் ஒரு மடிப்பாகத் தொங்கித் தொடையின் மேல் வந்து உட்கார்ந்தது. கையைத் தூக்கினால் புஜத்துக்குக் கீழே தோல் தொட்டில் மாதிரி ஆடியது. மார்பு தொய்ந்தது. கழுத்தைப் பார்த்தால் எனக்கே வான்கோழி ஞாபகம் வந்தது. பழைய பெட்டிகளில் இரண்டு கோச்சுக்கு நடுவே நடைபாதையை மூடிக்கொண்டு மடிப்பு மடிப்பாக ஒரு கூடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றித் தரையில் போட்டால் எப்படிக் கிடக்குமோ, அப்படி இருந்தேன்.

கூடிப்போன உடம்பு நம் ஜனங்களுக்குச் செழிப்பாகத்தான் தெரிகிறது. மெலிந்தால்தான் விசாரணை. மாடியில் குடியிருக்கும் மராட்டியப் பையன், "காகா, தப்யேத் பரீ ஆஹே கா?" என்று உடம்புக்கு என்னவென்று கேட்டான். சங்கத்துக்கு வந்த ஒரு அம்மா என் மனைவியைத் தனியே அழைத்துப் போய், "ஸாருக்கு ஏதாவது பெரிய வியாதியா? மறைக்காம சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். திருவெறும்பூரிலிருந்து என் அக்கா வந்தாள். ஸ்டேஷனில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து, "ஏண்டா தம்பி, இப்படி உருகிப் போயிட்டியேடா" என்று பிளாட்பாரத்திலேயே அழ ஆரம்பித்தாள். கஷ்டப்பட்டு இளைத்தவனுக்கு ஊர் கொடுத்த பரிசு இது.

இதையெல்லாம் சட்டையைப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம். 2022 ஏப்ரலில் திருச்செந்தூர் போனோம். அங்கே ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குள் போக வேண்டும். துண்டை எப்படிப் போர்த்திப் பார்த்தும் மறையவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். "அம்மா, அந்தத் தாத்தா பெரிய சைஸ் தோல் போட்டிருக்காரும்மா" என்றான். அவன் அம்மா வாயைப் பொத்தினாள். சுற்றி நின்ற நாலு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். பையன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனாலும் முருகன் முன்னால் நின்றபோது நான் முருகனை நினைக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் யார் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோல் ஏன் திரும்பிச் சுருங்கவில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கைப் பழுது பார்க்க எடுத்தால் முதல் வேலை அதன் உயரத்தை அளப்பது. எல்லைக்குள் பாரம் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் பழைய உயரத்துக்கு வந்துவிடும். எல்லை தாண்டிய பாரத்தை வருஷக் கணக்கில் சுமந்த ஸ்பிரிங், பாரத்தை இறக்கினாலும் குன்றியே நிற்கும். எண்ணெய் போட்டாலும் தட்டினாலும் நிமிராது. ஓரத்தில் வைத்துவிட்டு வேறு போடுவோம். தோலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. கொலாஜன் பலம் தருகிறது. எலாஸ்டின் இழுத்தால் திரும்பி வரும் குணத்தைத் தருகிறது. எலாஸ்டின் பெரும்பாலும் சிறு வயதிலேயே உண்டாகிவிடுகிறது. வயது வந்த பிறகு அறுந்து போனதற்கு ஈடாகப் புதிதாக உண்டாவது மிகக் குறைவு. முப்பது வருஷம் இழுபட்ட தோல், அறுபது வயது, வெயிலில் யார்டில் நின்ற வேலை, நாற்பத்தைந்து வயது வரை பிடித்த சிகரெட் எல்லாம் சேர்ந்தால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது. இருபத்தைந்து வயதுக்காரர் பதினைந்து கிலோ குறைத்தால் தோல் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். எனக்கு வராது.

இது புரிந்திருந்தும் நான் களிம்பு வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் காட்டிய ஒரு தைலம், கடைக்காரர் சிபாரிசு செய்த ஒரு க்ரீம், வாட்ஸப்பில் வந்த முட்டை வெள்ளைக்கருப் பூச்சு. (மனைவி சமையலறையில் முட்டையை அனுமதிக்காததால் பால்கனியில் பூசிக்கொண்டேன். காக்கைதான் லாபம் அடைந்தது.) மேலே பூசும் எதுவும் தோலை மிருதுவாக்கும், ஈரம் காக்கும், தொங்கும் மடிப்பைத் தூக்கி நிறுத்தாது. உடற்பயிற்சி செய்தால் தோலுக்கு அடியில் தசை நிறையும், அதனால் கையும் தொடையும் கொஞ்சம் நிரம்பித் தெரியும். அது நல்லதுதான், வயதானவர்களுக்கு அவசியமும் கூட. ஆனால் அடிவயிற்று மடிப்பை எந்தப் பயிற்சியும் கரைக்காது. அதில் கரைவதற்குக் கொழுப்பே அதிகம் இல்லை. மின் அலைகளால் தோலைச் சூடாக்கி இறுக்கும் கருவிகள் நகரங்களில் வந்திருக்கின்றன. லேசான தொய்வுக்குக் கொஞ்சம் பலன் உண்டாம். என் மடிப்பைப் பார்த்த டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அழகு போனால் போகிறது என்று விட்டிருப்பேன். விடாதது வேர்வை.

நாக்பூர் மே மாதம் உங்களுக்குத் தெரியும், 45 டிகிரி. ஆனால் அது வறண்ட சூடு. வினை ஆரம்பித்தது ஜூன் கடைசியில், மழை இறங்கிய பிறகு. வெளியே ஈரம், வீட்டுக்குள் கூலர் தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்கிறது. தோல் மேல் தோல் ஒட்டிய இடத்தில் காற்றே இல்லை. மடிப்புக்கு அடியில் சிவந்தது, பிறகு அரித்தது, பிறகு வெடித்து நீர் கசிந்தது, நாற்றமும் வந்தது. இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது? தெருமுனை மருந்துக் கடையில் தலையைக் குனிந்துகொண்டு, "அரிப்புக்கு ஏதாவது கொடு" என்றேன். ஒரு ட்யூப் கொடுத்தார். பூசிய மறுநாளே அரிப்பு ஓடிப்போயிற்று. ஆகா என்று நினைத்தேன். நிறுத்தினால் நாலாம் நாள் திரும்ப வந்தது, முன்னைவிட அகலமாக. மறுபடி பூசினேன். இப்படி ஐந்து மாதம்.

அன்பர்களே, இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அந்த ட்யூபில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, எல்லாம் கலந்து இருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடுகிறது. குணமானது போலத் தெரியும். உள்ளே பூஞ்சை, எதிர்ப்பு இல்லாத இடத்தில் சுகமாகப் பரவும். படர்தாமரையின் வழக்கமான வட்டமே மாறிப்போய், பார்த்தவுடன் இன்னதென்று டாக்டர்களாலேயே சொல்ல முடியாமல் ஆகிவிடும். அதோடு, மடிப்பில் பூசிய ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், வரி வரியாகக் கிழிசல் விழும். ஏற்கெனவே தொய்ந்த தோலுக்கு அது இன்னொரு அடி. 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் எனக்குச் சீட்டுக் கேட்காமல்தான் கொடுத்தார்கள். நானும் கேட்காமல்தான் வாங்கினேன்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். இளம் பெண், என் மகள் வயது. கூச்சத்தில் சட்டையைப் பாதிதான் தூக்கினேன். "பாபுஜி, பூரா" என்றார். பார்த்துவிட்டு முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நூறு ஆயுசு. ட்யூபைக் குப்பையில் போடச் சொன்னார். பூஞ்சைக்கு மாத்திரையும் தனி மருந்தும் கொடுத்து, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொல்லும் வரை நிறுத்தக்கூடாது என்றார். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் சேர்ந்து வைத்தியம் செய்ய வேண்டும், துண்டைப் பகிரக்கூடாது. குளித்ததும் மடிப்பைத் தூக்கித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்த வேண்டும். பிறகு பழைய மெல்லிய பருத்தி வேட்டித் துணியைக் கிழித்து மடிப்புக்கு நடுவில் வைத்து, ஈரமானதும் மாற்ற வேண்டும். உள்ளாடையை வெயிலில் காயப் போட வேண்டும். இவ்வளவும் செய்தேன். மகள் வாங்கிக் கொடுத்த ஹேர் டிரையரை வழுக்கைத் தலையன் தினமும் இரண்டு வேளை உபயோகிப்பதை வேலைக்கார அம்மா விசித்திரமாகப் பார்த்தாள்.

ஆறியது. மறு மாதம் மறுபடி வந்தது. ஆறியது, வந்தது. மூன்றாம் முறை தோல் டாக்டரே, "இந்த மடிப்பு இருக்கும் வரை இது வந்துகொண்டேதான் இருக்கும். பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்.

பிளாஸ்டிக் சர்ஜன் என்றதும் சினிமா நடிகைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அறுபத்து நாலு வயதில் எனக்கு எதற்கு என்று சீட்டை அலமாரியில் சொருகினேன். வீட்டில் சட்டையைக் கழற்றுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன். தூங்கும்போதும் பனியனுக்கு மேல் சட்டை. குளியலறையில் விளக்குப் போடுவதில்லை. ஒரு ராத்திரி மனைவி கேட்டாள்: "ஏங்க, யாருக்காக இவ்வளவு மூடிக்கிறீங்க? நான்தானே இருக்கேன்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பிள்ளை பெத்த வயிறுங்க எனக்கு. ரெண்டும் ஆபரேஷன். முப்பத்தஞ்சு வருஷமா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில ஒரு ஊக்கு குத்திக்கிறேன். எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. கேட்காதது மட்டும் இல்லை. ஆம்லாவில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சின்னவன் பிறந்த அடுத்த வருஷம், சாப்பிட வந்த நண்பர்கள் முன்னால் அவள் வயிற்றைக் காட்டி ஒரு ஜோக் அடித்தேன். "காலி கோணி" என்ற வார்த்தை அதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டு ரசம் பரிமாறினாள். இந்தக் கட்டுரையில் மேலே அரிசிச் சாக்கு என்று என்னைப் பற்றி எழுதினேனே, அதை எழுதும்போது எனக்குக் கை நின்றது. அந்த உவமை என் சொந்தக் கண்டுபிடிப்புத்தான், 1989-லேயே.

"அன்னிக்கு நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லி என்ன ஆகப் போவுது? தூங்குங்க" என்றாள். ஊக்கு எங்கே என்று பார்த்தேன். ஜன்னல் விளிம்பில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் ராத்திரி அங்கேதான் வைக்கிறாளாம்.

மறுநாள் அலமாரியிலிருந்து சீட்டை எடுத்தது அவள்தான். "எனக்கு அரிக்கலை, புண்ணு வரலை. உங்களுக்கு வருது. ஊருக்காக இல்லை, புண்ணுக்காகப் போய்ப் பாருங்க" என்றாள். அவளையும் ஏதாவது டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றாள். அதன் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

சர்ஜன் நிதானமான மனிதர். முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் பேசினார், அதில் அரை மணி நேரம் ஏன் உடனே செய்ய மாட்டேன் என்பதைப் பற்றி. எடை குறைந்தது ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் வெட்டிய பிறகு மறுபடி தொங்கும் அல்லது இழுபடும். என் எடை நின்றிருந்தது. ஆனால் இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.8. புரதமும் குறைவு. இரைப்பை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசு முழுக்கக் கவனிக்க வேண்டியவை. நான் எடை குறைந்த குஷியில் மாத்திரைகளை நிறுத்தியிருந்தேன். "செங்கல் இல்லாமல் சுவர் கட்டச் சொல்கிறீர்களா? காயம் எதை வைத்து ஆறும்?" என்று கேட்டார். போய்ச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நம் சைவச் சாப்பாட்டில் புரதம் சேர்ப்பது, அதுவும் கையளவு இரைப்பையில், ஒரு தனி இன்ஜினீயரிங். சாதத்தைக் கடைசிக்குத் தள்ளினோம். முதலில் சுண்டல், பனீர், கெட்டித் தயிர், சோயா, பாசிப்பருப்பு அடை. கொள்ளு ரசமும் உண்டு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பழமொழி சொல்லிக்கொண்டு கொள்ளுத்தண்ணீர் குடித்தே இளைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். கொள்ளில் புரதம் இருக்கிறது, அதற்காகச் சாப்பிடுங்கள். கொழுப்பை அது உருக்கும் என்று காத்திருக்காதீர்கள். நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது.

இந்த ஆபரேஷனில் இரண்டு வகை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்றில், தளர்ந்த வயிற்றுத் தசையையும் சேர்த்து இழுத்துத் தைத்து, தொப்புளையும் இடம் சரி செய்து வயிற்றுக்கு வடிவம் கொடுக்கிறார்கள். மற்றதில், தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்துவிடுகிறார்கள். என் வயதுக்கும் சர்க்கரைக்கும் இரண்டாவது போதும் என்றார். கைக்கும் மார்புக்கும் தனி ஆபரேஷன்கள் உண்டு. கையில் செய்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு நிற்கும். வேண்டாம் என்றேன். ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னார்: காயம் பிரிதல், சீழ், தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளுதல், காலில் இரத்தம் உறைதல். புகை பிடிப்பவர்களுக்கு இவை இன்னும் அதிகம். நிறுத்தாதவர்களைத் தாம் தொடுவதில்லை என்றார்.

2022 டிசம்பரில் செய்துகொண்டேன். டிசம்பரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெருமை உண்டு. பிறகு ஆறு வாரம் இரவும் பகலும் வயிற்றில் இறுக்கமான பெல்ட் கட்டியிருக்க வேண்டும். நாக்பூர் கோடையில் அதைக் கட்டுவது நடக்கிற காரியமா?

எடுத்த தோலும் கொழுப்பும் 3 கிலோவுக்குச் சற்று மேல். கேட்டால் அவ்வளவுதானா என்று இருக்கும். மூன்று லிட்டர் தண்ணீரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். மறுநாள் காலையிலேயே கூனிக் குறுகி நடக்க வைத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அதுவும் ஊசியும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும், ஆகவே இரண்டு வாரம் தொண்ணூறு வயதுக் கிழவன் நடை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து தூக்கம். இரண்டு பக்கமும் குழாய், அதன் நுனியில் நீர் சேரும் குப்பி. குப்பியில் சேரும் அளவை மனைவி நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினாள். நான் டிப்போவில் எழுதிய பதிவேடுகளைவிட அது சுத்தமாக இருந்தது.

எல்லாம் சுமுகம் என்று எழுத மாட்டேன். குழாயை எடுத்த பிறகு நீர் கோத்தது. இரண்டு தடவை ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். இடது ஓரத்தில் தையல் ஒரு அங்குலம் பிரிந்து, மூன்று வாரம் தினசரி கட்டு மாற்றினோம். அடிவயிற்றில் ஒரு பகுதிக்கு இன்னமும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. தொட்டால் வேறு யார் வயிற்றையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. இடுப்பிலிருந்து இடுப்புக்கு ஒரு நீளத் தழும்பு, தண்டவாளத்துக்குக் குறுக்கே போட்ட கோடு போல. அந்தப் புண் மட்டும் பிறகு வரவே இல்லை. மூன்று மழைக்காலம் அதற்குப் பிறகு போய்விட்டது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். நான் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்குப் பாலிசியில் பணம் கிடையாது என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். ஆனால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வாசகத்தில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்க அவசியம் என்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் சான்று கொடுப்பதற்கும் விலக்கு இருக்கிறது. ஆகவே புண் வந்த ஒவ்வொரு முறையும் டாக்டர் சீட்டை, மருந்து பில்லை, கூச்சப்படாமல் எடுத்த போட்டோவைப் பத்திரப்படுத்துங்கள். சேருவதற்கு முன்னால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் "ஆகும் ஸார்" என்று சொன்னதை நம்பிப் படுக்காதீர்கள். ஐந்து மாதம் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல் இருந்த எனக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை.

மற்றபடி, கைத்தோல் அப்படியேதான் ஆடுகிறது. கழுத்தும் அப்படியே. சீதாபர்டியில் எனக்கு முப்பது வருஷமாகத் தைத்துக் கொடுக்கும் தையற்காரர் 46 அங்குல பேண்டுகளை 36-க்குப் பிடித்துத் தருகிறார். பிடித்த துணியை வெட்டாமல் உள்ளே மடித்து வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "ஸாப், கியா பதா" என்கிறார். அவருடைய தொழில் அனுபவம் அது. பேரன் என் புஜத்துத் தோலைத் தட்டி விட்டு ஆடுவதை எண்ணுகிறான். அதிகபட்சம் ஏழு தடவை. அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்திருக்கிறேன். திருச்செந்தூருக்கு இன்னும் மறுபடி போகவில்லை, போக வேண்டும்.

இந்தக் கட்டுரையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஆம்லா விஷயத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும், இத்தனை வருஷம் கழிச்சாவது எழுதினீங்களே. ஊக்கு ஜன்னல்ல வைக்கல, சாமி அலமாரி பக்கத்துல" என்று திருத்தினாள். நான் ஜன்னலில் பார்த்ததாகத்தான் ஞாபகம், ஆகவே மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 10 முதல் 12 வரை சங்க நூலகத்தில் இருப்பேன். இந்த விஷயமாக யாருக்காவது பேச வேண்டும் என்றால் வரலாம். தினசரி பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசலாம், யாருக்கும் கேட்காது. பெண்கள் என் மனைவியிடம் பேசலாம். அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெல்ட்டை இரவல் கேட்காதீர்கள், அது அவரவர் அளவுக்கு வாங்க வேண்டியது.